அரிவாள்மணையும் ஒற்றியூர்க் கல்லும்

என் தாயார் இறந்து ஓராண்டு நிறைவுற்ற சமயத்தில், ஊரிலிருந்து என் தங்கை ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். பழைய சேலையில் சுற்றி, மேலே சாக்குத் துணி வைத்துத் தைத்து, லாரி அலுவலகம் வழியாக வடசென்னைக் கடலோரத்திலுள்ள எங்கள் பங்கு இல்லத்துக்கு அது வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே அம்மாவின் அரிவாள்மணை! பூவரசம் பலகை. அதன் நடுவே, பழைய லாரி வில்பட்டையை அடித்து எங்கள் ஊர்க் கொல்லர் செய்து பொருத்திய அலகு. ஐம்பது ஆண்டுக் காலம் மீனும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் அரிந்து அரிந்து, அந்த அலகு நடுவில் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் அதை யாரும் தொடவில்லை. துருவேறி, வாய் மழுங்கிப் போயிருந்தது.

எங்கள் சமையற்கார அம்மாள் அதில் ஒரு வெண்டைக்காயை வைத்துப் பார்த்துவிட்டு, "சாமி, இது அறுக்கல, நசுக்குது. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் எனக்குத் தைத்தது. மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு, மோட்டாரில் ஓடும் சாணைச் சக்கரம் வைத்திருந்த ஒரு கடைக்குப் போனேன். சக்கரத்தில் அலகு பட்டதும் மத்தாப்பூப் போலப் பொறி பறந்தது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வாயோரம் நெடுக மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் ஓடியிருந்தது. அதை நான் அழகென்றே எண்ணினேன். காசையும் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அது அழகன்று, சேதம் என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. முதல் இரண்டு நாள் நன்றாக அரிந்த அலகு, மூன்றாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கியது. எஃகு சூடேறும்போது அதன் மேனியில் நிறம் மாறும் என்பதைக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். 230 டிகிரி சென்டிகிரேடு அளவில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பூக்கும். வாய் மெல்லியது, அது தாங்கும் சூடு சிறிது. நீரில்லாமல் விரைந்து சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால், கண் மூடித் திறப்பதற்குள் அந்த எல்லை கடந்துவிடும். கொல்லர் நெருப்பிலும் நீரிலும் மாறி மாறித் தோய்த்து ஏற்றிய உரம், அந்த நீலத்தோடு இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. குருமடத்தில் எத்தனையோ சாத்திரங்களைப் படித்த நான், இந்த ஒன்றை அறியாமல் அம்மாவின் அலகைக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டேன். அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தேன். வைத்த பிறகும் அது உறுத்திக்கொண்டேயிருந்தது.

எங்கள் குடும்பம் தெற்கே தேரிக் காட்டுப் பக்கம். அங்கே பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை நாள்தோறும் தீட்டுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மரப் பலகை ஒன்றின்மேல் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, அதன்மேல் அலகைப் படியவைத்து, இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். பாளையை மெல்லிய ஏடாகச் சீவ வேண்டும். கூர் சற்றுக் குறைந்தாலும் பாளை நசுங்கிப் பதநீர் வற்றிப்போகும். குடும்பத்தின் கஞ்சி அந்தக் கூரில் இருந்தது. 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது' என்று நன்றி மறந்தவனைச் சொல்லும் பழமொழி, இத்தகைய பலகையைக் கண்டே பிறந்திருக்க வேண்டும். மரம் வெறும் படுக்கைதான். அறுப்பது அந்தக் கல்லின் பொடி. வெங்கச்சங்கல் எஃகைவிடக் கடினமானது. ஆகையால் எஃகை அரிக்கிறது. சாணையின் தத்துவம் இவ்வளவே.

நம் வடசென்னையிலும் கூர் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. இராயபுரத்தைச் சிறிது சுற்றிப் பாருங்கள். புனித இராயப்பர் பெயரால் படகோட்டிகள் எழுப்பிய ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர் இது. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. துறைமுகம் இல்லாத அக்காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளைச் செலுத்தியவர்கள் அந்தப் படகோட்டிகளின் இனத்தார். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டிய பின், வடக்கு நோக்கி ஓடும் மணல் தெற்கே தங்கி மெரினாவை அகலமாக்கியது. இங்கேயோ கடல் கரையை அரித்தது. இன்று இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் பெரும்பாலும் கருங்கல் பாறைகளைக் கொட்டித்தான் கரையைக் காத்து வருகிறார்கள். கடலும் ஒரு சாணைக்காரர்தான்; என்ன, கூலி கேட்பதில்லை, நிறுத்தவும் தெரிவதில்லை.

காசிமேட்டு மீன் சந்தைக்கு விடியற்காலையில் சென்றால், வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் வெட்டித் தருவோர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் காலடியிலும் ஒரு கல் இருக்கும். ஐந்தாறு மீனுக்கு ஒரு தடவை, கத்தி அந்தக் கல்லில் நாலு இழுப்பு இழுபடும். மழுங்கிய பிறகு தீட்டுவது என்ற வழக்கம் அவர்களிடம் இல்லை. மழுங்கிய கத்தி வழுக்கும், வழுக்கும் கத்திதான் விரலை வெட்டும் என்று ஒரு மூதாட்டி தம் இடக்கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். அதன் நுனி இல்லை.

தெருவில் சாணைக்காரர் வருவது இப்போது அபூர்வம். முன்னே மரச் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்து, காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். பின்னர் சைக்கிளிலேயே சக்கரம் பூட்டி வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாத வீடு உண்டா? இந்தப் பேரத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. சாமுவேல் முதல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரயேலில் கொல்லன் இல்லாததால், கொழுவையும் கோடரியையும் அரிவாளையும் தீட்டுவதற்கு மக்கள் பெலிஸ்தியரிடம் போக வேண்டியிருந்தது என்ற செய்தி வருகிறது. அங்கே கூலியைக் குறிக்கும் 'பிம்' என்ற சொல்லின் பொருள் வெகு காலம் யாருக்கும் விளங்கவில்லை. மண்ணைத் தோண்டியபோது அந்தச் சொல்லே பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன; எடை எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு எடை வெள்ளிதான் கூலி. வேளாண்மை செய்யும் மக்களிடம் அது கொள்ளை. தன் இரும்பைத் தானே தீட்ட முடியாதவன் பிறர் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நோயுற்ற ஒருவரைப் பார்க்கத் திருவொற்றியூர் செல்ல நேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து அந்தப் பயணம் எளிதாகிவிட்டது. மேலே ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைக் கூரைகள், நடுவே தியாகராசர் கோயில் கோபுரம். தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரை ஓர் இரயில் நிலையமே சுமந்து நிற்கிறது. என்பீல்டு மோட்டார் சைக்கிள் இங்கே 1955 அளவில் உருவாகத் தொடங்கியது. ஆனால் இந்த ஊரில் எழுந்த இன்னொரு தொழிற்சாலையின் பெயரைத்தான் அன்று எனக்குச் சிந்திக்க நேர்ந்தது. 1954-இல் முருகப்பா குழுமத்தார், அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனி, இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி ஆகிய இரண்டோடும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். சாணைச் சக்கரமும், தீட்டுக் கல்லும், நம் தச்சர்கள் உப்புத்தாள் என்று சொல்லும் தேய்ப்புத் தாளும் செய்யும் தொழில்.

நான் பார்க்கச் சென்ற நோயாளியின் அண்டை வீட்டுப் பெரியவர் இத்தகைய சாணைச் சக்கரங்களோடு முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் என் அரிவாள்மணையின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீலம் எத்தனை அகலம் சாமி? ஒரு நூலா, ரெண்டு நூலா?" என்று கேட்டார். பட்டறைக்காரர்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அடுத்த தடவை எடுத்துக்கிட்டு வாங்க. அழிஞ்சுபோகல. கொஞ்சம் இழக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பெரியவரிடம் நான் கற்ற முதல் பாடம் ஒரு சொல்லைப் பற்றியது. கார்போரண்டம் என்பது ஆங்கிலப் பெயர் என்றே எண்ணியிருந்தேன். பாதிதான் ஆங்கிலம் என்றார் அவர். திரும்பி வந்து நானும் தேடிப் பார்த்தேன். குருந்தக்கல் என்பது நம் நாட்டில் பழங்காலம் தொட்டே அறிந்த ஒரு கல். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அது கிடைக்கிறது. மாணிக்கமும் நீலமும் இந்தக் கல்லின் ஒளிமிக்க உடன்பிறப்புகள். நம் சாணைக்காரர்கள் குருந்தக்கல் பொடியை அரக்கோடு குழைத்துச் சக்கரம் வார்த்தார்கள். வெள்ளைக்காரர் அந்தக் கல்லை இங்கே கண்டு வியந்து தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சார்லஸ் கிரேவில் என்பவர் 1798-இல் இலண்டன் இராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரையே வாசித்தார். குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல் 'கொரண்டம்' என்று உலக அறிவியலில் குடியேறியது. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் அளவுகோலில் வயிரம் பத்து, குருந்தம் ஒன்பது, வெங்கச்சங்கல் ஏழு.

பிறகு 1891-இல், அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் செயற்கை வயிரம் செய்ய எண்ணி, களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சினார். வயிரம் வரவில்லை. கருநீலத்தில் மினுக்கும் சிறு படிகங்கள் வந்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்து உண்டான பொருள் என்று அவர் தவறாக எண்ணி, இரண்டு பெயரையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று அழைத்தார். உண்மையில் அது மணலிலுள்ள சிலிக்கனும் கரியும் சேர்ந்த பொருள். எண்ணியது பிழை, பெயர் நின்றுவிட்டது. சேலத்துச் சீமையிலிருந்து கப்பலேறிய சொல், ஒரு பிழையில் தொற்றிக்கொண்டு, 1954-இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் பெயர்ப் பலகையில் வந்து இறங்கியது.

அடுத்த வாரம் அரிவாள்மணையோடு சென்றேன். பெரியவர் முதலில் என்னை ஒரு தீட்டுக்கல் வாங்கிவரச் செய்திருந்தார். ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் பருவெட்டு, மறுபக்கம் நைஸ். பெட்டியின்மேல் எண் அச்சிட்டிருக்கும். சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதை அந்த எண் குறிக்கும். எண் ஏற ஏறப் பொடி மென்மை. கல்லைக் கால்மணி நேரம் நீரில் ஊறப்போட்டார். நீர் சூட்டைத் தணிக்கும். அரைபட்ட இரும்புத் துகளைக் கழுவிக்கொண்டு போகும். தூசியை மூக்கில் ஏறவிடாது. "தூசிதான் சாமி எங்களுக்கு எமன்" என்று அவர் சொன்னது இதைச் சொல்லும்போதுதான். பரணிலிருந்த ஒரு பழைய சாணைச் சக்கரத்தை எடுத்து விரலில் மாட்டி, மரப்பிடியால் தட்டிக் காட்டினார். கோயில் மணிபோல் ஒலித்தது. விரிசல் விட்ட சக்கரம் மொத்தென்று ஒலிக்குமாம். அதை இயந்திரத்தில் மாட்டினால் வெடித்துச் சிதறுமாம். தட்டிக் கேட்காமல் எதையும் மாட்டியதில்லை என்றார்.

பிறகு ஓர் அரத்தை எடுத்து என் அலகின் நீலத்தில் வைத்துத் தள்ளினார். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நீலம் முடிந்த இடத்தில் வைத்துத் தள்ளினார். அரம் கீச்சென்று வழுக்கியது. "கடிக்கிற இடம் செத்த இடம். வழுக்குற இடம் உசிரோட இருக்குற இடம். செத்ததை அராவி எடுத்துட்டா, உங்க அம்மா பிடிச்ச இரும்பு அப்படியே கீழே இருக்கு" என்றார். ஆனால் ஒரு நூலுக்குச் சற்று மேலாகவே இழக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்து ஒடுங்கிய அலகு. அம்மாவின் கை தேய்த்த அந்த ஒடுக்கமே எனக்கு நினைவுச் சின்னம். அராவினால் அந்த வடிவம் மாறிவிடும். அராவாமல் சுவரில் மாட்டி வைத்தால் வடிவம் நிற்கும்; அரிவாள்மணை என்ற பெயர்தான் பொய்யாகும். சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியவரும் பேசவில்லை. அரத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.

அவர் திரும்பி வந்தபோது நான் அராவிக்கொண்டிருந்தேன்.

அராவி முடிக்கவே மூன்று மாலை பிடித்தது. அதன் பின்னரே தீட்டும் வேலை. கத்தியைக் கல்லில் இழுக்கலாம். அரிவாள்மணையோ பலகையில் நிற்பது, ஆதலால் கல்தான் அலகிடம் போக வேண்டும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்லை அலகின் பக்கத்தில் சாய்வாக வைத்து, அடியிலிருந்து நுனிவரை அதன் வளைவோடு ஓட்ட வேண்டும். எவ்வளவு சாய்வு? ஒரு தாளின் மூலையை மடக்கினால் நேர்கோணம் பாதியாகும். இன்னொரு முறை மடக்கினால் காலாகும். அந்தக் காலுக்குச் சற்றுக் குறைவான சாய்வு சமையல் கத்திக்கு ஏற்றது. என் கை அந்தச் சாய்வில் நிற்கிறதா என்று பார்க்க, வாயோரம் நெடுக ஸ்கெட்ச் பேனாவால் மை தீட்டினார். இரண்டு இழுப்புக்குப் பின் மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே அழிந்தால் கல் படுத்துவிட்டது. விளிம்பில் மட்டும் அழிந்தால் கல் நிமிர்ந்துவிட்டது. அன்று என் மை எங்கெங்கோ அழிந்தது.

ஒரு பக்கத்தைப் பருவெட்டில் தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்க விளிம்பில் மயிரிழைபோல ஒரு பிசிறு எழும்பும். விரலை விளிம்பிலிருந்து வெளிப்புறமாகத் தடவினால் தட்டுப்படும். விளிம்பின் நெடுகே ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. அந்தப் பிசிறு அடிமுதல் நுனிவரை எழாத வரை பக்கத்தை மாற்றக் கூடாது என்பது பெரியவரின் கட்டளை. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பொறுமை இழந்து பக்கம் மாறி மாறித் தேய்ப்பார்கள், எப்பக்கமும் வாய் சேராது. பிசிறு எழுந்த பிறகு மறுபக்கம். அதன்பின் நைஸ் கல்லில் அழுத்தாமல், கையின் கனம் மட்டும் படும்படி இருபுறமும். கடைசியாக, நாவிதர் கத்தியைத் தோல்வாரில் இழுப்பதுபோல, பழைய இடுப்புவாரின் உட்புறத்தை அலகின்மேல் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும். செய்தித்தாளை ஓரமாகப் பிடித்து வைத்தால் சத்தமின்றி இரண்டாக வேண்டும். என்னுடையது முதல் நாள் கிழித்தது. ஐந்தாம் நாள் அறுத்தது.

வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி, நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, விழுந்திருந்தால் சிமெண்டுத் தரையில் மணலும் நீரும் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்தவும் கற்றேன். அலகுக்குத் தேங்காயெண்ணெய் தடவ மறக்கக் கூடாது. நம் கடற்காற்றில் ஓர் இரவு போதும், துரு பிடிக்க.

இந்தக் கல் அன்றிலிருந்து என் பையில் செபப் புத்தகத்தோடு கிடக்கிறது. அதைக் கண்டு முதலில் சிரித்தவர்கள், எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குடும்பங்கள். 2024 ஜனவரியில் அங்கே சென்றிருந்தேன். 1948-இல் மோட்டார் தொழில் கால்வைத்த ஊர். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடிய அனல்மின் நிலையம் நின்ற ஊர். கொசத்தலையாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. முந்திய மாதம் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து அந்தக் கழிமுகத்தில் பரவியதை வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பார்கள். படகின் விலாவிலும் வலையிலும் கருமை ஒட்டியிருந்தது. மீன் இல்லை, கிடைத்த மீனையும் வாங்குவார் இல்லை.

ஒரு வீட்டில் செபம் சொல்லி முடித்ததும் என் பையில் கல்லைக் கண்ட அந்த வீட்டுத் தாய், "என்ன சாமி, சாணை பிடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு மாத காலத்தில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு சுவர் மாடத்திலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். மீன் வெட்டும் கத்தி. கைப்பிடிவரை துரு. "வெட்ட மீன் இருந்தால்தானே இதைப் பார்ப்போம்? அப்படியே கிடக்குது" என்றார். உப்புத்தாளால் துருவை எடுத்து, வாசற்படியில் அமர்ந்து நான் தீட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அரிவாள்மணை வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இரண்டு கத்தி. பொழுது சாய்வதற்குள் ஏழு. ஒன்றில் நான் சாய்வைத் தவறவிட்டேன். அங்கிருந்த ஓர் இளைஞன் கல்லைக் கேட்டு வாங்கி, என்னைவிட நன்றாகச் செய்தான். கடலில் தகப்பனிடம் கற்றதாம். மீதியை அவனிடமே விட்டேன்.

அந்தத் தாய் தம் கத்தியை எண்ணெய்த் தாளில் சுற்றி, மாடத்தில் மறுபடி வைத்தார். "மீன் வரட்டும்" என்றார்.

பங்குனி மாதம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அதே வீட்டிலிருந்து ஒரு சிறுவன் பனையோலைப் பெட்டியில் இறால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். கூடவே பச்சை மாங்காயும் இருந்தது. சமையற்கார அம்மாள் ஒன்றும் சொல்லாமல், ஒரு நூல் மெலிந்திருந்த அம்மாவின் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.